தண்ணீர்க் கணக்கு

சித்ராவில் இருக்கிறேன் என்று எழுதினேன்.
எந்தச் சித்ரா, யார் வீட்டுப் பெண் என்று
பதிலில் கேட்டிருந்தாள் அண்ணி.
பஹ்ரைனில் ஒரு துறை, அவ்வளவுதான்.
கடலுக்குள் நீண்டு ஓடும் எண்ணெய்க் குழாய்,
அதன் முனையில் வாய் வைத்து நிற்கும் கப்பல்கள்.
அவற்றுக்குக் குடிநீர் ஏற்றுபவன் நான்.
எத்தனை டன், எத்தனை மணி, யார் கையெழுத்து.

முன்பு பார்த்த வேலை என்ற இடத்தில்
'இல்லை' என்று எழுதிச் சேர்ந்தேன்.
நான்கு வருடம் கொடியாலும் விளக்காலும் பேசியவன்.
என் விடுவிப்புத் தாளில் சிவப்பு மை:
சேவை தேவையில்லை.

அந்தப் பிப்ரவரியில்
மூன்று கட்சிக் கொடிகளை
ஒரே கயிற்றில் ஏற்றியது இந்தக் கைதான்.
எந்த முடிச்சு முதலில் அவிழும் என்று
கீழேயிருந்து கேட்டான் கோரப்பன்.
சிரித்தோம். சிரிக்க அப்போது நேரம் இருந்தது.

கோரப்பனுக்குத் தொடையில் குண்டு.
ஆஸ்பத்திரிக்குப் போனான் என்பதுவரை தெரியும்.
தஸ்நேவிஸ் தூத்துக்குடியில்
உப்பளத்தில் கணக்கெழுதக் கேட்டுப் போனான்.
கலகக்காரனை நம்பி
உப்பைக்கூட எண்ணக் கொடுக்க முடியாது என்றார்களாம்.
கொதிகலன் குர்தயாளுக்கு
லயால்பூர் வரை மூன்றாம் வகுப்புச் சீட்டு.
போய்ச் சேர்ந்தான். மறுவருடம்
அவன் படுத்திருந்த கட்டிலின் கீழ்
நாடு நகர்ந்துவிட்டது.

முத்திருளாண்டி கதைதான் வேறு.
அவன் சமையற்காரன். பருப்பில் கல் என்று
நாங்கள் முதலில் தட்டை எறிந்தது அவன் முகத்தில்.
கொடுத்ததைத்தானே வேகவைத்தேன் என்று அழுதான்.
மறுநாள் எங்களோடு லாரியில் ஏறினான்,
ஏறச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை.
இப்போது முஹரக்கில் சாயாக் கடை,
முத்துக் குளித்த தோணிகள் விலா எலும்போடு
கவிழ்ந்து கிடக்கும் கரையில்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
தினம் பருப்புப் பொறுக்குகிறான்.
வெள்ளிக்கிழமை சாப்பிடப் போவேன்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

நேற்று நம் கப்பல் வந்தது.
'நம்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.
சாம்பல் பூச்சு. சக்கரம் போட்ட கொடி.
அதற்கு ஒரே ஒரு முடிச்சு, நல்ல முடிச்சு.

இரவு ஒன்பதுக்குத் துறை விளக்கின் முன்னால்
தண்ணீர்க் கணக்குப் புத்தகத்தின் அட்டையை
மூடித் திறந்தேன்.
கை மறக்கவில்லை. அதுதான் எரிச்சல்.
யார் நீ, என்றது கப்பல்.
புதுக் கை. கோட்டுக்குப் பிறகு
கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது.
நான் கொடியேற்றிய அன்று அவனுக்கு
பதினொரு வயது இருக்கலாம்.
என் ஐந்திலக்க எண்ணைச் சொன்னேன்.
பிறகு பெயர்களை
ஆங்கில எழுத்தில் உடைத்து உடைத்து அனுப்பினேன்.
முத்திருளாண்டியின் 'ள'வுக்கு
புள்ளியுமில்லை, கோடுமில்லை.

புரியவில்லை. மறுபடி.

மறுபடி சொன்னேன்.

புரியவில்லை. மறுபடி.

அட்டை கையிலேயே இருந்தது.
கடல் குழாயின் கால்களை நக்கிக்கொண்டிருந்தது.
குடிநீர் எத்தனை டன், என்று கேட்டேன்.
உடனே புரிந்தது அவனுக்கு.
நாற்பது.

காலையில் கையெழுத்துப் போட வந்தான்.
மீசை இன்னும் முடிவுக்கு வராத முகம்.
ராத்திரி விளக்கு அடித்தது யார் என்றான்.
விளக்கு பழுது, தானாக அணைந்து எரியும் என்றேன்.
என் கையையே பார்த்தான்,
பிறகு பேனாவை வாங்கிக்கொண்டான்.

நாற்பது டன்னுக்கு நாற்பத்தொன்று ஏற்றியிருக்கிறேன்.
கப்பல் போய்விட்டது.
அந்த ஒரு டன்னை
யார் பெயரில் எழுதுவது என்று
புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
மை காய்கிறது.